சர்வீசுக்குப் பின் டிராக்டரில் புதுச் சத்தமா? காரணத்தைக் கண்டறியும் முறை

(மீஞ்சூர் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் நெல் பயிராகிறது. ஒரு பட்டம் அறுவடையாகி அடுத்த பட்டத்துக்குச் சேறு கலக்கக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. அந்தச் சமயத்தில் டிராக்டர் பட்டறையில் நின்றுவிட்டால் நாற்றங்காலில் நாற்று முற்றிப்போகும். வாடகை டிராக்டருக்கு அலைய வேண்டிவரும். இதற்காகத்தான் பட்டம் தொடங்குமுன்பே டிராக்டரை விற்பனையாளரின் பட்டறையில் விட்டு சர்வீஸ் செய்து வைத்துக்கொள்கிறோம்.

அப்படிச் சர்வீஸ் முடிந்து வந்த டிராக்டரே முன்பு இல்லாத சத்தம் கொடுத்தால் என்ன செய்வது? ஒரே சீராக ஓடாமல், பின்னாலிருந்து யாரோ தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தால் என்ன செய்வது? "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பதறிப்போய், அருகிலுள்ள பட்டறையில் கியர் பெட்டியையே பிரிக்கச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம். முன்னது பேரிங்கில் தொடங்கிய கோளாற்றைப் பற்சக்கரம் வரை கொண்டுபோய்விடும். பின்னது சில நூறு ரூபாயில் முடியும் வேலையைப் பல ஆயிரமாக்கிவிடும்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். சத்தம் வரும் நேரமே கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அரை மணி நேரப் பொறுமையும் ஒரு துண்டுக் காகிதமும் போதும்.

சர்வீசில் கைபட்ட இடங்களை முதலில் பாருங்கள்

பற்சக்கரம் ஒரே நாளில் தேய்ந்துவிடுவதில்லை. பட்டறைக்குப் போகும்போது அமைதியாக இருந்த டிராக்டர் திரும்பும்போது சத்தமிட்டால், சர்வீசில் எவற்றையெல்லாம் கழற்றினார்கள், மாற்றினார்கள், திருகினார்கள் என்பதையே முதலில் ஐயப்பட வேண்டும். வழக்கமாக இன்ஜின் ஆயில், டீசல் பில்டர், ஏர் பில்டர், கியர் பெட்டி எண்ணெய், ஹைட்ராலிக் சல்லடை, கிளட்ச் மற்றும் பிரேக் பெடல்களின் தளர்வு, சக்கர நட்டுகள் ஆகியவற்றில்தான் கைபடும். இவற்றைச் சரிபார்க்கச் செலவும் மிகக் குறைவு. ஆகவே பார்வையிடும் வரிசை இதுதான்: முதலில் எண்ணெய், பிறகு பெடல், பிறகு பில்டர், பிறகு நட்டுகள். கியர் பெட்டியைப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

எண்ணெயின் அளவும் தன்மையும்

லாரியில் கியர் பெட்டிக்கு ஓர் எண்ணெய், பின் அச்சுக்கு ஓர் எண்ணெய் என்று தனித்தனியாக இருக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் அப்படி இல்லை. கியர் பெட்டி, டிபரன்ஷியல், ஹைட்ராலிக் லிப்ட் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்குகின்றன. பல டிராக்டர்களில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. ஆகவே அந்த ஓர் எண்ணெய் பற்சக்கரத்தைக் காக்க வேண்டும், பாரத்தைத் தூக்க வேண்டும், பிரேக் பிடிக்கவும் உதவ வேண்டும்.

எண்ணெய் அளவைச் சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, லிப்ட் கைகளை முழுவதும் கீழே இறக்கி, பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். லிப்ட் தூக்கிய நிலையில் பார்த்தால் எண்ணெயில் ஒரு பகுதி சிலிண்டரில் தங்கியிருக்கும். குறைவு என்று எண்ணி மேலும் ஊற்றிவிடுவோம். எண்ணெய் உண்மையிலேயே குறைந்திருந்தால் ஹைட்ராலிக் பம்பு காற்றையும் சேர்த்து இழுத்து 'ஙொய்' என்று ஊளையிடும். மிகுந்திருந்தால் எண்ணெய் நுரைத்துச் சூடேறி, மூச்சுத் துவாரம் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியேறும்.

அடுத்தது, எண்ணெயின் வகை. நம் வட்டாரத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணூரில் 1948ஆம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் தொடங்கிய காலம் முதல் இந்தப் பகுதி லாரிகளின் பகுதி. இன்று துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகளும் சேர்ந்துகொண்டன. ஆகவே திரும்பிய பக்கமெல்லாம் லாரிப் பட்டறையும் லாரி ஆயில் கடையும் இருக்கின்றன. அவற்றில் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஆனால் லாரியின் பின் அச்சுக்கு ஊற்றும் ஜி.எல். 5 வகை எண்ணெய், எல்லா டிராக்டருக்கும் ஏற்றதன்று. அதில் மிகுந்த பாரத்தைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தகப் பொருள்கள், சில வகைகளில், கியர் பெட்டியிலுள்ள பித்தளை, வெண்கல வளையங்களை அரிக்கக்கூடும். எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்குத் தேவையான உராய்வுத் தன்மையும் அதற்கு இல்லை. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் 'கர்ர்' என்று அதிர்ந்தால் முதலில் எண்ணெய் வகையை விசாரியுங்கள். கையேட்டில் குறித்த வகையும் தகரத்தில் அச்சிட்ட வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். "இதுவும் கியர் ஆயில்தானே" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

பெயரை மட்டும் நம்பி எண்ணெய் வாங்குவதன் விளைவை அமெரிக்க உழவர்களும் கண்டிருக்கிறார்கள். 1960களில் அங்கு ஜான் டியர் நிறுவனம் 303 என்ற எண் கொண்ட டிராக்டர் எண்ணெயை விற்றது. அதில் உராய்வைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்ந்திருந்தது. 1970ஆம் ஆண்டு அந்தத் திமிங்கிலம் அழிந்துவரும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1970களின் நடுவில் அந்நிறுவனம் 303 எண்ணெயைக் கைவிட்டது. ஆனால் அந்த எண் மட்டும் சந்தையில் உயிரோடிருந்தது. வேறு பலர் மலிவான வாளிகளில் அதே எண்ணை அச்சிட்டுப் பல ஆண்டுகள் விற்று வந்தனர். 2017ஆம் ஆண்டு மிசௌரி மாநில வேளாண்மைத் துறை இவற்றைச் சோதித்து, டிராக்டருக்குத் தகுதியற்றவை என்று கண்டு விற்பனையை நிறுத்தியது. வாளியின் மேலிருந்த எண்ணை நம்பியவர்களின் டிராக்டர்தான் பாழாயிற்று.

பாலாக மாறும் எண்ணெய்

சேற்றுழவு செய்யும் டிராக்டருக்கு இன்னொரு ஆபத்து, தண்ணீர். பின் அச்சு வரை சேற்றில் மூழ்கி உழும்போது, தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுத் துவாரம் வழியாகவும் தண்ணீர் உள்ளே புகும். அப்போது எண்ணெய் மோர்போல் வெளுத்துவிடும். ஐயம் இருந்தால் கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தங்கலாம். தங்காவிட்டாலும், சூடான தகட்டில் இரண்டொரு துளி விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது 1960களின் இறுதியிலேயே தெரியவந்த செய்தி. உப்பு நீர் உள்ள கிணற்று நீரால் டிராக்டரைக் கழுவுபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சர்வீஸ் நிலையத்தில் அழுத்தமான நீர்ப் பீச்சால் கழுவும்போதும் மூச்சுத் துவாரத்தை மூடிப் பாதுகாத்தார்களா என்று கேளுங்கள். வெளுத்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங்குகள் துருப்பிடித்து உண்மையாகவே சத்தமிடத் தொடங்கும்.

சத்தம் வரும் நேரம் சொல்லும் செய்தி

இனிச் சோதனைக்கு வருவோம். கருவியைக் கழற்றிவிட்டு, ஆளற்ற சமதளத்தில் டிராக்டரை நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நின்ற நிலையில் செய்யும் சோதனைகள் முடிந்த பிறகு கட்டையை எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சத்தம் உண்டா, இல்லையா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

1. கியர் நியூட்ரலில் இருக்க, கிளட்சை அழுத்தாதபோது சத்தம் வந்து, அழுத்தியதும் நின்றால், கியர் பெட்டிக்குள் சுழலும் முதல் தண்டின் பேரிங் அல்லது அதைச் சார்ந்த பற்சக்கரங்களில் ஐயம் கொள்ளலாம்.

2. இதற்கு மாறாக, கிளட்சை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். கியர் பெட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

3. கியர் போடும்போது மட்டும் பற்கள் அரைபட்டால், பெரும்பாலும் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். சர்வீசில் பெடலின் தளர்வை மிகுதியாக வைத்துவிட்டார்களா என்று அளந்து பாருங்கள். கையேட்டில் இதற்கான அளவு உண்டு. பழைய மாதிரி கியர் பெட்டிகளில் டிராக்டரை நிறுத்திவிட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும் என்பதையும் ஓட்டுநருக்கு நினைவூட்டுங்கள்.

4. ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்து மற்ற கியர்களில் வராவிட்டால், அந்தக் கியருக்குரிய பற்சக்கரத்தில்தான் கோளாறு. எல்லாக் கியரிலும் வந்தால் எண்ணெய், பொதுவான பேரிங்குகள், பின் அச்சு ஆகியவற்றைப் பாருங்கள்.

5. நேராக ஓடும்போது, விசை கொடுத்தால் ஒரு விதமாகவும் விசையைக் குறைத்தால் வேறு விதமாகவும் ஊளையிட்டால், பின் அச்சிலுள்ள கிரௌன் சக்கரம், பினியன் இவற்றின் இடைவெளியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

6. திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் டிபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களை ஐயப்படலாம். அதற்கு முன், டிபரன்ஷியல் லாக் பெடல் மேலே திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சிக்கிக்கொண்டிருந்தால் திருப்பம் கடினமாகி டயர் தரையில் உரசும்.

7. லிப்டைத் தூக்கும்போது மட்டும் ஊளை வந்தால் கியர் பெட்டியைத் தொடாதீர்கள். எண்ணெய் அளவு, ஹைட்ராலிக் சல்லடை, உறிஞ்சு குழாயின் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். சல்லடையைத் திரும்பப் பொருத்தும்போது வளையம் சரியாக உட்காராமல் போவதுண்டு.

8. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒருமுறை 'டக்' என்று கேட்டால் சக்கர நட்டுகளை முடுக்குங்கள். இரும்புச் சக்கரம் மாட்டியிருந்தால் அதன் போல்ட்டுகளையும் பாருங்கள்.

9. நான்கு சக்கர இயக்கமுள்ள டிராக்டரில் தார்ச் சாலையில் மட்டும் முறுக்கும் சத்தமும் இழுப்பும் இருந்தால், முன் சக்கர இயக்க லீவர் போட்டபடியே இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியான சாலையில் அதை எடுத்துவிட வேண்டும்.

இவற்றோடு ஒன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். நேர்ப் பற்கள் கொண்ட பற்சக்கரம் ஓரளவு ஒலி எழுப்புவது இயற்கை. புதிய எண்ணெய் ஊற்றியதும் அந்த ஒலி சற்று மாறித் தெரியலாம். நாள்தோறும் ஓட்டுபவரின் காதுக்கே இயற்கை ஒலியும் புதிய ஒலியும் வேறுபடும். ஆகவே சோதனையின்போது அவரையே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் விட்டு விட்டுப் பாய்ந்தால்

இதற்குக் கியர் பெட்டியைக் குறை சொல்பவர்கள் உண்டு. பல வேளைகளில் காரணம் வேறிடத்தில் இருக்கும். டிராக்டரை நியூட்ரலில் நிறுத்தி, கை ஆக்சிலேட்டரைப் பாதி அளவில் வைத்துச் சில நிமிடம் கவனியுங்கள்.

நின்ற நிலையிலேயே இன்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்கினால் குறை டீசல் பாதையிலோ கவர்னரிலோ இருக்கிறது. டீசல் பில்டர் மாற்றிய பிறகு இது நேர்ந்தால், காற்று புகுந்திருக்க வாய்ப்பு மிகுதி. பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதை வைத்து முடுக்கியிருக்கலாம். செப்பு வாஷர் விடுபட்டிருக்கலாம். தொட்டிக்கும் பீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும். ஆகவே கசிவு இல்லை என்பதால் குறையும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பழைய வகை இன்ஜினில் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாத டீசல் வரும் வரை கை பம்பை அடித்து, திருகை இறுக்குங்கள். சற்று நேரத்தில் மறுபடியும் காற்று சேர்ந்தால் இணைப்பில் ஓட்டை இருக்கிறது.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடிப் பிறகு சோர்ந்தால், டீசல் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். உடனே சரியானால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்பின் முத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள்.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்திருக்கிறது. இவற்றில் பலவும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜின்கள். அவற்றின் உயரழுத்த டீசல் குழாய்களை நீங்கள் தளர்த்தவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குச் சொல்லுங்கள்.

நின்ற நிலையில் இன்ஜின் சீராக ஓடி, வயலில் மட்டும் ஏறி இறங்கினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பாரம் ஏறும்போது இன்ஜின் வேகம் கூடி, டிராக்டரின் வேகம் கூடாமல், கருகிய வாசனையும் வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சர்வீசில் பெடலின் தளர்வே இல்லாமல் முடுக்கிவிட்டால் புதிய கிளட்ச் தட்டுகூட இப்படிக் கருகும். அடுத்தது ஹைட்ராலிக். கலப்பை மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டிருந்தால் இழுவைப் பாரம் மாறி மாறி இன்ஜினைத் தாக்கும். இழுவைக் கட்டுப்பாட்டிலிருந்து நிலைக் கட்டுப்பாட்டுக்கு லீவரை மாற்றிப் பாருங்கள். பாய்ச்சல் நின்றுவிட்டால் குறை ஹைட்ராலிக்கைச் சார்ந்தது. கியர் பெட்டியைச் சார்ந்தது அன்று.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

இரும்பு உடைவது போன்ற வெடிச் சத்தம், கியர் தானாக விழுந்துவிடுதல், கை வைக்க முடியாத சூடு, சீல் வழியே எண்ணெய் ஒழுகுதல், பிரேக் பிடிக்காமை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். "இந்த ஒரு சாலை மட்டும் உழுது முடித்துவிடுகிறேன்" என்பதுதான் பெருஞ்செலவுக்குத் தொடக்கம்.

எண்ணெயை வடிக்கும்போது வடிதிருகின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய பசை இருப்பது இயல்பு. ஊசி போன்ற சிம்பு, பல்லின் துண்டு, பொன் நிறத் துகள் இருந்தால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. அந்தத் துகள்களைத் தாளில் மடித்து வைத்திருங்கள். பட்டறையில் பேசுவதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சோதனையின்போது கருவி தூக்கிய நிலையில் அதன் கீழே யாரும் போகக் கூடாது. பி.டி.ஓ. தண்டு சுழலும்போது தளர்ந்த வேட்டி, துண்டு ஆகியவற்றோடு அருகே போகாதீர்கள்.

பட்டறைக்குத் திரும்பும்போது

"சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் எதைப் பார்ப்பது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது. "நியூட்ரலில் இல்லை, மூன்றாம் கியரில் மட்டும், சூடேறிய பிறகு, சர்வீசுக்கு அடுத்த நாள் முதல்" என்று எழுதிக் கொடுங்கள். மணி காட்டும் மீட்டரின் அளவையும் எழுதுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் நிறுத்தி நீங்களே இயக்கிக் காட்டுங்கள். அவர் காதால் கேட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். ஜாப் கார்டில் உங்கள் புகாரை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். பில்லில் எண்ணெயின் பெயரும் வகையும் லிட்டர் அளவும் இருக்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் வெளியே கியர் பெட்டியைப் பிரித்தால் உத்தரவாதம் மறுக்கப்படலாம். ஆகவே அப்போது எண்ணெய், பெடல், நட்டு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முறையாகக் கேட்டும் குறை தீராவிட்டால் சட்டம் துணை நிற்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. தம் பிழைப்புக்காகத் தாமே உழைக்கும் உழவரும் அச்சட்டப்படி நுகர்வோரே. திருவள்ளூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கும் பேசப் போவது ஜாப் கார்டும் பில்லும் நீங்கள் எழுதிவைத்த குறிப்பும்தான்.

டிராக்டர் பட்டறையில் நிற்கும் நாட்களில் உழவு தடைப்படாமல் இருக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

உழவர் பெருமக்களே, மாட்டின் நடை மாறினால் எந்தக் காலில் வலி என்று பார்த்தே அறிந்தவர்கள் நீங்கள். அதே கவனத்தை டிராக்டரிடமும் காட்டுங்கள். சர்வீஸ் முடிந்து வரும் நாளிலேயே, பட்டறை வாசலிலேயே, மேற்சொன்ன சோதனைகளில் முடிந்தவற்றைச் செய்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். வயலில் சேறு தயாராகக் காத்திருக்கும்போது கண்டுபிடிப்பதைவிட அங்கே கண்டுபிடிப்பது எளிது, செலவும் குறைவு.